ஒரே ரேம்ப், ஆளுக்கொரு பேரு

அண்ணி: ...இல்லடி, போனை வெச்சுடாதே. மறுபடியும் பார்த்துட்டேன். ஏறச் சாய்வா பலகை இறங்குமே, அந்த ரேம்ப் வெச்ச பஸ்ஸே அந்த வழியில கிடையாதுங்குது மேப்பு.

நாத்தனார்: எங்க கம்பெனி பஸ் எல்லாத்துலயும் ரேம்ப் இருக்கு அண்ணி! மேப்பு எடுத்துக்கற உங்க ஆபீஸோட பொதுத்தளத்துல நான்தானே தகவலை ஏத்தினேன்.

அண்ணி: ஏத்தின. ரேம்ப் தகவலை எந்த விதிப்படி எழுதியிருக்குன்னு ஒரு கட்டம் இருக்கே... அதுல என்ன எழுதின?

நாத்தனார்: டிப்போக்காரங்க சொன்னதை. வடக்கு டிப்போ "ரேம்ப் விதி, புதுசு"ன்னாங்க. தெற்கு டிப்போ மேனேஜர் "நம்ம விதி"ன்னார்.

அண்ணி: அவங்க தாத்தா எழுதி வெச்சதாக்கும்!

நாத்தனார்: எல்லாம் ஒரே விதிதானே? படிக்கிறவங்களுக்குப் புரியாதா?

அண்ணி: படிக்கிறது மனுஷன் இல்லடி, மெஷின். வீட்ல உன்னைக் குட்டின்னாலும் வாயாடின்னாலும் திரும்பிப் பார்ப்ப. லேப்ல போய் "வாயாடியோட ரத்த ரிப்போர்ட் குடுங்க"ன்னா குடுப்பானா? நம்பர்தான் கேப்பான். இந்த விதிக்கும் அப்படி இணையத்துல ஒரே ஒரு அடையாள முகவரி இருக்கு. எல்லா டிப்போவுக்கும் அதையே போடு. போட்ட உடனே மேப்பு எடுத்துக்கும்.

நாத்தனார்: இப்பவேவா? கம்ப்யூட்டரைப் பையிலேர்ந்து எடுக்கணுமே...

அண்ணி: எடுடி! உங்க அண்ணன் ஸ்டாப்புல காத்திருக்கார். சக்கர நாற்காலிக்கு வந்தப்புறம் முதல் தடவையா தனியா கெளம்பியிருக்கார்.

நாத்தனார்: தனியாவா? அ... அப்படியா?

அண்ணி: பஸ் இல்லேன்னு திரும்பி வந்துட்டா, அப்புறம் வாசப்படி தாண்டுவார்ங்கறியா?

நாத்தனார்: நீங்களே போன்ல சொல்லிடுங்களேன்.

அண்ணி: "எனக்கு யாரும் வழி காட்ட வேணாம்"னு சபதம் போட்டுட்டுப் போயிருக்கார். பாவம்... போனைப் பார்த்துப் பார்த்துத் தலையைச் சொறியறார்.

நாத்தனார்: ஆபீஸ்ல இருக்கற உங்களுக்கு அது எப்படித் தெரியும்?

அண்ணி: ஊ... ஊகம்தான். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணலையா? அது இருக்கட்டும், உன் பக்கம் என்ன ஹாரன் சத்தம்?

நாத்தனார்: ஜன்னல் திறந்திருக்கு. இருங்க, மடியிலேர்ந்து கம்ப்யூட்டர் வழுக்குது.

அண்ணி: மடியா? மேசை என்னாச்சு?

நாத்தனார்: மேசை... இருக்கு, இருக்கு. போட்டாச்சு, பாருங்க.

அண்ணி: வடக்கு வந்துடுச்சு. அவர் ஏற வேண்டிய தெற்கு வரலையே... அடியே, முகவரிக்குப் பக்கத்துல என்னது அது, "நம்ம விதி"?

நாத்தனார்: மேனேஜர் மனசு நோகுமேன்னு...

அண்ணி: அவர் மனசைக் கீழே விளக்கத்துல தடவிக்குடு! அடையாளத்துல ஒட்டுப் போடாதே. துளி கூடினாலும் வேற விதின்னு ஒதுக்கிடும்.

நாத்தனார்: எடுத்துட்டேன், எடுத்துட்டேன்...

அண்ணி: சீக்கிரம்டி... ஐயோ, நாற்காலியைத் திருப்பறார். வீட்டுப் பக்கம் திருப்பறார்! ஏங்க... இன்னும் ஒரே ஒரு தடவை போனைப் பாருங்களேன்... பார்த்துட்டார்! நின்னுட்டார்டி. சிரிக்கறார்... பஸ்ஸும் வந்துடுச்சு, ரேம்ப் இறங்குது...

நாத்தனார்: தெரியுது அண்ணி. மெதுவா அழுங்க. அந்தப் பச்சைக் குடையையும் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க... எதிர்க்கடை வாசல்ல உட்கார்ந்திருக்கற எனக்கே இவ்வளவு நல்லாத் தெரியறீங்களே, அண்ணன் திரும்பினா என்ன ஆகும்?