பச்ச லைட்

இல்லம்மா, பாப்பா காதுல மூணாவது தடவை மெஷின வைக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. முதல்ல கதவ விட்டு நகருங்க. ஜன்னல் கூட இல்லாத ரூம், ரெண்டு பேர் நின்னாலே மூச்சு முட்டுது. நான் எங்கயும் ஓடிட மாட்டேன், உக்காருங்க.

பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல. அசையாம தூங்குனா. ரெண்டு தடவையும் வலது காது பாஸ் ஆகல, அவ்ளோதான். காது கேக்காதுன்னு மெஷின் சொல்லல. பொறந்து ரெண்டு நாள்தானே ஆகுது, உள்ள தண்ணி நின்னிருக்கலாம். நிறைய குழந்தைங்களுக்கு அப்படித்தான். ஆனா அத பெரிய டெஸ்ட் பாத்துதான் சொல்லணும், நீங்களும் நானும் சொல்லக் கூடாது.

மாமியாரா? கேட்டா இன்னொரு டெஸ்ட் இருக்குன்னு சொல்லுங்க. உங்க வீட்டுப் பக்கம் யாருக்கு இருந்துச்சுன்னு நோண்டுவாங்களா? நோண்டட்டும். அதுக்காக நான் இங்க பாஸ்னு எழுதித் தர முடியுமா?

சரி, ஏன் மாட்டேங்கறேன்னு கேளுங்க. விடாம வெச்சுக்கிட்டே இருந்தா, காது சரியில்லாட்டியும் என்னைக்காவது ஒரு தடவை பாஸ்னு பச்ச லைட் எரிஞ்சிடும். அதான் ஆபத்து. நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவீங்க. மூணு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு, ஆறு மாசத்துக்குள்ள காதுக்கு மெஷின் மாட்டினா பேச்சு நல்லா வரும். விட்ட நாள திருப்பி வாங்க முடியாதும்மா.

அழாதீங்க. இந்தாங்க, பெரிய ஆஸ்பத்திரில அந்தப் பெரிய டெஸ்ட்டுக்குச் சீட்டு. அடுத்த மாசம் அஞ்சாம் தேதி, பத்து மணிக்கு. பாப்பாவ பசியோட கொண்டு வாங்க, அங்க வந்து பால் குடுத்தா நல்லா தூங்குவா. பயமா இருந்தா நானும் அங்கதான் இருப்பேன். இல்ல, வேலைக்கு இல்ல. பத்தரைக்கு என் பையனுக்கும் அதே டெஸ்ட்டுக்கு எழுதியிருக்கேன்.

ஒன்னேகால் வயசு. கூப்பிட்டா திரும்ப மாட்டான், லைட்ட போட்டாத்தான் திரும்பிப் பாக்கறான். பிடிவாதக்காரன்னு அவங்கப்பா சிரிக்கறாரு, நானும் கூடவே சிரிக்கறேன், வேற என்ன பண்றது? டெஸ்ட்டா, பண்ணாம இருப்பேனா? இதே மெஷின்தான். அவன் பொறந்த புதுசுல, ஒரு மத்தியானம் இந்தக் கதவ சாத்திக்கிட்டு நானே வெச்சேன். பத்து தடவை பாஸ் ஆகல. பதினோராவது தடவை ஆச்சு. அத மட்டும் எழுதி, கையெழுத்தும் நானே போட்டுட்டேன்.

அங்க போனதும் முதல்ல நான் பாஸ்னு எழுதின அந்தச் சீட்டத்தான் கேப்பாங்க. அவங்கப்பாவும் ஒன்னும் தெரியாம பக்கத்துல உக்காந்திருப்பாரு.