மங்கல் நீக்கிய முகம்

வாவிக்கரை ஈரத்தில் காமரா லென்ஸுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் என்னுடையதை அரிசி டின்னுக்குள் வைத்திருப்பேன். வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. விசாரிக்க வந்தவர் என்பதால் இருக்கலாம்.

நான் படம் எடுப்பவள், வரைபவள், மற்றவர்களின் படைப்புகளையும் சேர்த்துக் கண்காட்சி வைப்பவள். சுனாமிக் கடல் அடித்த வருடம் இந்தக் கரைக்கு எத்தனையோ காமராக்கள் வந்தன. எல்லாவற்றிலும் எங்கள் பெண்கள் தலைவிரித்து அழுதார்கள். ஒருத்திக்கும் பெயர் இல்லை. அதை மாற்றத்தான் நான் வேலை செய்தேன். காத்தான்குடி முஸ்லிம் பெண்களும் ஆரையம்பதித் தமிழ்ப் பெண்களும் ஒரே திரையில், சொந்த முகத்தோடு பேச வேண்டும். இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

சண்டை முடிந்த வருடம் ஆரையம்பதி அன்னப்பூரணியைப் பதிவு செய்தேன். அவளுடைய புருஷனையும் மகளையும் கடல் கொண்டுபோனது. மகன் நிலோஜனை அதற்கு முன்பே சண்டைக்கென்று இயக்கம் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அவன் வன்னிச் சண்டையில் செத்துவிட்டான் என்று ஊர் நம்பியது. அவன் தப்பி வந்து, நாங்கள் பேசிக்கொண்டிருந்த அறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். மகன் வந்துவிட்டான் என்பதை யாரிடமாவது சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. என் காமராவுக்குச் சொன்னாள்.

"என்ட முகம் வேணாம், தங்கச்சி. முகம் தெரிஞ்சா அவன விடமாட்டாங்க."

நான் தலையாட்டினேன்.

படத்தை வெட்டி ஒட்டியவன் நௌஷாட், ஏறாவூர்ப் பொடியன். அவள் முகத்தை மங்கலாக்கி, குரலையும் மாற்றித் தந்தான். மற்றப் பெண்களுக்கெல்லாம் முகம் இருந்தது. இவளுடைய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு பேசிக்கொண்டிருந்தது. மங்கலை எடு என்றேன். அவன் மறுத்தான். அந்தப் பொடியனை முடித்துவிடுவார்கள் அக்கா என்றான். பயந்தவர்களோடு என்னால் வேலை செய்ய முடியாது. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே மங்கலை எடுத்தேன்.

நௌஷாட்தான் போய் அவளிடம் சொல்லியிருப்பான். அன்னப்பூரணி என் வாசலுக்கு வந்து, படத்தைத் தராவிட்டால் காமராவைக் கிணற்றில் போடுவேன் என்றாள். பிணந்தின்னி என்றாள். அவளுக்காக இவ்வளவும் செய்தவள் நான். கோபப்படவில்லை. கண்காட்சியிலிருந்து உன் படத்தை நீக்கிவிட்டேன், பயப்படாமல் போ என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொல்லியிராவிட்டால் அன்றைக்கே மகனை வேறெங்காவது அனுப்பியிருப்பாள்.

பிறகு அழைப்பிதழ் கொடுக்கப் போனேன். பள்ளிவாசலுக்குக் கொடுத்தேன், கோயிலுக்குக் கொடுத்தேன், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுத்தேன். ஆட்களைக் கொண்டுபோகிறவர்கள் என்று ஊர் பயப்படுகிறவர்களிடமும் போனேன். யாரையும் விலக்கக் கூடாது என்பது என் கொள்கை. அன்னப்பூரணியின் படத்தை மட்டும் தவறவிடாதீர்கள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. படம் போட்ட இரவு அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை பார்த்தார்கள்.

மறுநாள் விடிய நான் அவள் வீட்டுக்கு எதிரே நின்றேன். காமராவோடுதான். அடுத்து நீங்கள் கேட்கப்போவது தெரியும். ஓம், அவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளை வான் ஒன்று அவள் வாசலில் வந்து நின்றது. நிலோஜனை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு இழுத்துப் போனார்கள். அவன் பிறகு திரும்பி வரவில்லை. அவள் வானுக்குப் பின்னால் ஓடி ரோட்டில் விழுந்தாள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் படம்தான் வெளிநாடுகளுக்குப் போனது. எங்கள் பெண்ணொருத்தியின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

வான் மறைந்ததும் அவள் எழும்பி என் பக்கம் திரும்பினாள். அப்போது அழவில்லை.

"எடுத்தியா, தங்கச்சி? முழுக்க எடுத்தியா?"

ஓம் அக்கா என்றேன்.

முகத்தைக் காட்ட அவள் தந்த சம்மதமாகத்தான் அதை நான் எடுத்துக்கொண்டேன்.