விண்வெளிக்கு அவித்த மொச்சை

மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கி அவித்தால்தான் ருசி. என் மனைவி ஜான்சி தோலோடு அவிப்பாள். அது ஒன்றைத் தவிர எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

நீங்கள் கேட்பது படங்களைப் பற்றி. சந்திரயான் நிலாவுக்குப் போன அந்த வருஷம் எடுத்தவை. அது ஆளில்லாமல் போனது. என் படங்களில் ஆள் வேண்டும் என்று நினைத்தேன். விண்வெளி வீரர்கள் பையைக் கத்தரித்துச் சாப்பிடுவார்கள். அதே மாதிரி கேப்பைக்களி, கருவாடு, மொச்சை என்று நம் பக்கத்துச் சாப்பாட்டை வெள்ளிப் பைகளில் அடைத்து, ஜான்சி சாப்பிடுவதை எடுத்தேன். உண்மையாகவே சாப்பிட வேண்டும். சாப்பிடுவதுபோல் பாவனை செய்ய விளம்பரக்காரர்கள் இருக்கிறார்கள்.

மாமனார் ஜேசுராஜுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டும் மெஷின் அங்கே இருந்தது. காற்றுப் போன பாக்கெட் கெடாது என்பது அந்தக் கடைத்தெருவின் நம்பிக்கை. காய்ந்த ஏலக்காய்க்கு அது சரி. அவித்த பண்டத்தில், காற்றில்லாத இடத்தில்தான் வளர்ந்து, நரம்பை முடக்கும் விஷம் கக்கும் கிருமி ஒன்று உண்டு. நான் நுண்ணுயிரியல் படித்தவன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து மொச்சைப் பை மட்டும் உப்பியது. மற்றவை சப்பையாகக் கிடக்க, இதன் மேல் வெளிச்சம் உருண்டது. நிலாவேதான்.

“ஏங்க, காத்த உறிஞ்சியாச்சுன்னீங்க. இது எங்கன இருந்து வந்துச்சு?” என்றாள்.

“உங்கப்பா பாக்கெட் கெட்டுப் பாத்திருக்கியா?”

“எங்கப்பா கடை ஏலக்கா எனக்குப் பெறகும் இருக்கும்” என்று சிரித்தபடி கத்தரித்தாள். கண்காட்சியில் முதல் படம் அது.

மறுநாள், “ரெண்டு கேமரா தெரியுது. எதப் பாக்க?” என்றாள். இடது பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் இமைகள் தொங்கின. விண்வெளியில் மிதப்பவளின் அந்தப் பார்வையை எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். அதுவரை அவளால் தர முடிந்ததில்லை.

அடுத்த நாள் மாமனார் வந்தார்.

“என்ன மாப்ள, புள்ளைக்கு வாய் கொழறுது? தேனியில நல்ல டாக்டர் இருக்காக. கார் வெளிய நிக்கிது.”

“தூக்கம் கெட்டிருக்கு மாமா. படம் முடியட்டும், நானே கூட்டிட்டு வாரேன்.”

படித்த மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர். தலையாட்டிவிட்டுப் போனார்.

மூச்சு அடங்கும்வரை எடுத்தேன். மூளைக்காய்ச்சல் என்று சொல்லிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நான் மறுக்கவில்லை. பிறகு படங்களை எடுத்த வரிசையிலேயே சுவரில் மாட்டினேன். நடிப்பு பிரமாதம் என்றார்கள் வந்தவர்கள். மதுரை டாக்டர் ஒருவர் மட்டும் முதல் படத்திலிருந்து கடைசிவரை நின்று பார்த்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். அவர்மேல் கோபமில்லை. என் கண்காட்சியை ஒழுங்காகப் பார்த்தவர் அவர்தான்.

தெரிந்தே கொடுத்தேன். தெரிந்தே டாக்டரிடம் கொண்டுபோகவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். வருந்துகிறேன் என்று மட்டும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். படங்களையும் திருப்பித் தாருங்கள். அவை என்னுடையவை மட்டுமல்ல, அவளுடையவையும். விரும்பித்தான் உட்கார்ந்தாள். கடைசிப் படம் எடுக்கும்போதுகூட, போதும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குரல் முந்தின நாளே போயிருந்தது.