அவரையா, அவருடைய பாட்டையா?

மாலைநேர ஆங்கில வகுப்பின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மேசை மணியை அருகில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அம்மையார் அவர்களே! அறிவிலும் அகவையிலும் என்னினும் உயர்ந்த ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் அன்னையர்களே! வேலை முடித்து, வியர்வை காயுமுன்னே வினைச்சொல்லைத் தேடிவரும் மாணவ மணிகளே! மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால், முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் என் கணவரே! உங்கள் அனைவருக்கும் இந்த இலக்கண ஆசிரியையின் இருகரம் கூப்பிய வணக்கம்!

என்ன, எல்லாரும் தூணையே பார்க்கிறீர்கள்? பாருங்கள், நன்றாகப் பாருங்கள்! கதாநாயகர் அவர்தான்.

இலக்கணத்தால் சோறு வேகுமா என்று கேட்கிறார்கள். வேகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலக்கணம் பிசகினால் வெந்த சோறு தொண்டையில் இறங்காது! அதை என் வீட்டிலேயே கண்டவள் நான்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்தான். கம்பிவடம் தேய்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். கை தங்கம்; வாய்தான் வம்பு! கையில் ஸ்பானர் ஏறினால் தொண்டையில் பாட்டு ஏறிவிடும். பாட்டா அது? எண்ணெய் காணாத கதவுகூட அதைவிட இதமாகக் கிறீச்சிடும்! லிஃப்ட் ஓடும் குழியோ ஒன்பது மாடி உயரக் குழாய். கீழே இவர் முனகினால் மேலே மொட்டைமாடியில் முழங்கும். குளிப்பவர் கேட்டார், குழந்தையைத் தூங்கவைத்தவர் கேட்டார், தொலைபேசியில் பேசியவர் கேட்டார், ஏன், மறுமுனையில் இருந்தவரும் கேட்டார்!

எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ஏழாம் மாடி அம்மா, லிஃப்ட் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். யார் அந்த அம்மா என்கிறீர்களா? சொல்லமாட்டேன். சொன்னால் தலைவர் அம்மையாருக்குச் சங்கடமாக இருக்கும்.

ஐயோ, கைதட்டாதீர்கள்! மணியை நோக்கிக் கை போகிறது!

லிஃப்ட்டில் அவர் பாடுவது பிடிக்கவில்லை என்பதுதான் கருத்து; கடிதம் ஒரே வரி. 'வீ டிஸ்லைக் ஹிம் சிங்கிங் இன் தி லிஃப்ட்.' கிளை மேலாளர் அவசரக்காரர். முதல் மூன்று சொற்களைப் படித்தார். வீ டிஸ்லைக் ஹிம். எங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை! சிவப்புப் பேனாவால் அடிக்கோடு இழுத்தார். அதற்குமேல் அவர் கண் நகரவே இல்லை. மறுநாளிலிருந்து உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றல்!

அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல், கருவிப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"அந்தக் கட்டடத்துக்கே என்னைப் பிடிக்கலையாம்."

"யாரு சொன்னா?"

"எழுதியே குடுத்திருக்காங்க. பன்னெண்டு வருஷமா ஒருத்தர்கூட மூஞ்சிக்கு நேரா சொல்லலையே!"

அன்று அவர் பாடவில்லை. எத்தனை நாள் நான் ஏங்கிய அமைதி அது! வந்தபோது வேண்டாமென்று இருந்தது. கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தேன். படித்ததும் என் கண்ணில் பட்டது கோபமல்ல, வெறுப்பல்ல; ஓர் எழுத்துப் பிழை!

மறுநாள் காலை அந்தக் குடியிருப்புக்குப் போனேன். லிஃப்ட் நின்றுபோயிருந்தது. ஓட்டிவைக்கத் தெரிந்தவர்தான் கிடங்கில் இருக்கிறாரே! ஏழு மாடியும் ஏறி, மூச்சிரைக்கக் கதவைத் தட்டினேன்.

"அம்மா, எங்க வீட்டுக்காரரை உங்களுக்கு ஏன் பிடிக்கலை?"

"யாருக்கு? மெக்கானிக்கையா? தங்கமான மனுஷன்மா! பாட்டுதான் தாங்கலை."

"அப்படி எழுதலையேம்மா நீங்க."

கடிதத்தை நீட்டினேன். அம்மாவின் முகம் சிவந்தது. "முப்பது வருஷம் ஆபீஸ்ல இங்கிலீஷ் லெட்டர் அடிச்சவ நான். எனக்கே திருத்தமா?"

"அவரு போட்டிருக்கிற சட்டை யாருதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க? அவரைச் சட்டையா, அவரோட சட்டையா?"

"அவரோட சட்டை."

"சிங்குன்னா பாடு. இங் சேர்ந்துட்டா அது பாடுறதுங்கிற பேரு. சட்டை மாதிரி அதுவும் அவரோட பொருள். ஹிம்னா அவரை, ஹிஸ்னா அவரோட. ஹிஸ் சிங்கிங்னு போடுங்கம்மா. பிடிக்காதது பாட்டு மட்டும்னு ஆயிடும். மனுஷன் தப்பிச்சுடுவாரு."

"எல்லாரும் ஹிம்னுதானே சொல்றாங்க?"

"சொல்லலாம். வாயால சொல்லும்போது கூடவே முகம் இருக்கு. காகிதத்துக்கு முகம் இல்லையேம்மா."

அம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் புதுக் கடிதம். 'வீ டிஸ்லைக் ஹிஸ் சிங்கிங். வீ வாண்ட் ஹிம் பேக்.' முதல் வரியில் ஹிஸ், இரண்டாவதில் ஹிம். பாட்டு வேண்டாம், அவர் திரும்ப வேண்டும். இரண்டும் அதனதன் இடத்தில்! தப்பை ஒப்புக்கொண்டு, தன் கையாலேயே திருத்தி எழுதிய அந்தப் பெருந்தன்மைக்கு இந்த மேடையில் தலைவணங்குகிறேன், தலைவர் அம்மையார் அவர்களே!

வேலை திரும்பக் கிடைத்தது, ஒரே நிபந்தனையோடு: லிஃப்ட்டில் பாடக் கூடாது. பாடவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பாட்டையும் இப்போது என் சமையலறையில் பாடித் தீர்க்கிறார். நான் எந்த மேலாளருக்குக் கடிதம் எழுதுவேன்?

சிரித்தது போதும், தோழர்களே. ஒன்று கேட்கிறேன். பிள்ளை மதிப்பெண் குறைந்து வந்தால் எதைக் கண்டிக்கிறோம்? அவன் படிக்காததையா, அவனையா? தாமதமாய் வந்த தொழிலாளியிடம் எதைக் கடிகிறோம்? அவருடைய தாமதத்தையா, அவரையா? கறியில் உப்பு கூடினால் வெறுப்பது உப்பையா, உப்புப் போட்ட கையையா? செய்கையைச் சினந்துகொள்ளுங்கள், திருத்துங்கள், தேவையானால் தெருவே கேட்கத் திட்டுங்கள். ஆனால் செய்த மனிதரைச் சிவப்புக் கோட்டுக்குள் சிக்கவைக்காதீர்கள்! ஒருவரின் பிழை அவருடையது, அவரே பிழையல்ல! இதைச் சொல்லத்தான் ஆங்கிலம் ஹிஸ் என்றது; இதைச் சொல்லத்தான் தமிழ் அவருடைய என்றது!

இதுவரை என் பேச்சை மட்டுமல்ல, என்னையும் சேர்த்துச் சகித்துக்கொண்டீர்கள். உங்கள் வருகைக்கு நன்றி, உங்கள் சிரிப்புக்கு நன்றி. வருகையும் சிரிப்பும் உங்களுடையவை; அவற்றுக்கு அப்பால் நீங்களாகவே இருக்கும் உங்களுக்கு, எல்லாவற்றிலும் பெரிய நன்றி! வணக்கம்!