மாப்பிள்ளையின் கட்டைவிரல் நகம்

தேநீர் நன்றாக இருந்தது ஐயா. இனி வரிசையாகவே சொல்கிறேன். அரைகுறையாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அமிலத் தொட்டிகளின் உட்புறம் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் அமிலம் இரும்பைத் தின்றுவிடும். எந்த அமிலத்தை எது தாங்கும் என்று பார்ப்பது என் வேலை. துண்டுகளை ஜாடிகளில் ஊறப்போட்டு, எடை போட்டு, வளைத்துப் பார்ப்பேன்.

தொட்டிகளுக்கு ஃபோர்மேன் என் தங்கை புருஷன். அவருடைய ஆய்வுக்கூடம் அவருடைய கட்டைவிரல் நகம். ரப்பரில் நகத்தை அழுத்துவார். பள்ளம் மறைந்தால் பாஸ். என் அறைக்குள் தலையை நீட்டி, ஜாடிகளைப் பார்த்து, "என்ன மச்சான், மீன்குஞ்சுக்குத் தீனி போட்டாச்சா?" என்பார். தொழிற்கூடமே சிரிக்கும். என் பெயர் மீன்காரர் ஆனது. தங்கையும் வீட்டில் அப்படியே கூப்பிட்டாள். நான் பெரிதுபடுத்தவில்லை.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்த ஒரு தொட்டியில் நைட்ரிக் அமிலம் நிரப்ப முடிவானது. உள்ளே பழைய ரப்பர்தான். அதே ரப்பர் நைட்ரிக்கில் ஊறியபின் என் கையில் பிஸ்கட் போல உடைந்தது. பிளாஸ்டிக் போடச் சொல்லி அவரிடம் போனேன்.

"ரப்பர்னா ரப்பர்தானே மச்சான். தண்ணி மாத்தினா மீன் செத்தா போயிடும்?"

மீனைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சரி, அந்தத் துண்டக் கொண்டாங்க. நானே பாக்குறேன்."

நான் கொண்டுபோனது உடைந்த துண்டு அல்ல, ஹைட்ரோகுளோரிக் ஜாடித் துண்டு. நகத்தை அழுத்தினார். "கொழந்த கன்னம் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு அலட்டல்?"

தொட்டி நிரம்பியது. தினமும் மரச்சுத்தியால் தட்டி, தகட்டில் காதை ஒட்டிக் கேட்பார். வைத்தியர் என்று நினைப்பு. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தகட்டில் வியர்வை போலக் கசிவு கண்டது. மற்றவர்களைத் தேநீர் குடிக்க அனுப்பினேன். அவர்கள்மேல் எனக்கென்ன வருத்தம்?

அவரிடம் சொன்னேன்: "மாப்ள, சத்தம் என்னமோ மாதிரி இருக்கு. நீங்க கேட்டா தெரியும்." அவர் நின்ற பக்கம் கசிவு இல்லை. நான்தான் இடத்தைக் காட்டினேன். காதை வைத்தார், ஓங்கித் தட்டினார். தகடு அங்கேயே கிழிந்தது. மீதியைப் பிணவறையில் பார்த்திருப்பீர்கள்.

தங்கை என்னோடு பேசுவதில்லை. போகப் போகப் புரிந்துகொள்வாள்.

கேலி செய்தார் என்பதற்காக நான் எதையும் செய்யவில்லை ஐயா. அந்தக் கூடத்தில் இப்போது யாரும் மீன்காரர் என்று சொல்வதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.