முள் இறங்கக் கூடாது

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாரும் வாசலில் கால் கழுவுவதில்லை. வயல் சேறு கட்டிலடி வரைக்கும் வந்துவிடுகிறது. சொன்னால் முறைக்கிறார்கள். துடைப்பது நான்தானே.

நீங்கள் கேட்பது ஆக்சிஜன் சிலிண்டரைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

முன்பு மூன்று வார்டுக்கும் வேலையாட்கள் நாலு பேர் இருந்தோம். ஒவ்வொருவராக ரிட்டையர் ஆனார்கள். துரைராசுதான் இருக்கிறானே, போதும் என்று என்னை மட்டும் வைத்து விட்டுவிட்டார்கள். நர்சும் சபிஹா ஒருத்திதான்.

வருஷத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியைச் சோதித்து மார்க் போட கமிட்டி வரும். அன்றைக்குப் புது விரிப்பு விரிப்போம். கார் கிளம்பியதும் மடித்து பீரோவில் வைப்போம். அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் இருக்க வேண்டும், அதில் அளவு காட்டுகிற முள் முழுசில் நிற்க வேண்டும். போன வருஷம் பாதியில் நின்றது. மார்க் போயிற்று, நிதியும் போயிற்று. இந்த வருஷம் மேனேஜர் வெங்கட்ராகவன் என்னிடமே சொன்னார்: "முள் இறங்காம பாத்துக்குங்க. ரெண்டு ஆள் கெடைக்கும்."

கமிட்டி வரும் அன்று காலை, சுவர்க் குழாயில் வருகிற ஆக்சிஜன் காற்று நின்றுபோனது. ரிப்பேருக்கு எழுதிப்போட்டு எட்டு மாசம். கீழ்வேளூர்ப் பக்கத்து நெடுஞ்செழியன், வயலுக்கு மருந்தடித்து மூச்சு முட்டி வந்தவன், அவனுக்கு சபிஹா அந்தச் சிலிண்டரை மாட்டிவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடிவிட்டாள். நான் பார்த்தபோது முள் மயிரிழைதான் இறங்கியிருந்தது. கமிட்டி கார் கேட்டுக்குள் திரும்பியது.

காற்று விடுகிற திருகை மூடினேன். அவன் முகமூடியை எடுக்கவில்லை. எடுத்தால் அசிங்கமாக இருக்கும்.

அவன் பெண்சாதி பூவிழி பக்கத்தில் இருந்தாள். "ஐயா, புஸ்ஸுனு சத்தம் வந்துச்சே, நின்னுபோச்சே?"

"மெதுவா ஓடுதும்மா. பேசாத, பெரியவங்க வர்றாங்க."

அவள் என்னை நம்பினாள். நான் சொல்வதையும் நம்புகிற ஆள் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அவன் கை இரண்டு தடவை விரிப்பைப் பிடித்து இழுத்தது. நான் நீவிவிட்டேன்.

கமிட்டிக்காரர் முள்ளைப் பார்த்தார். "பேஷன்ட் அமைதியா தூங்குறாரு. நல்லா பாத்துக்கிறீங்க," என்றார். கும்பிட்டேன்.

அவர்கள் டீ குடித்துப் போகும் வரை காத்திருந்து, திருகைத் திறந்துவிட்டேன். சபிஹா வந்தபோது காற்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூச்சுதான் ஓடவில்லை. பழி அவள் மேல் விழுந்தது, சஸ்பெண்ட் செய்தார்கள். கேட்காமல் சிலிண்டரை எடுத்தது தப்புதானே.

இப்போது ஏன் சொல்கிறேன் என்கிறீர்கள். மார்க் வந்தது. ஆள் வரவில்லை. கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று வந்தது, ஆணி அடித்து மாட்டியதும் நான்தான். ஏமாற்றிவிட்டார்கள், சார். அதை எழுதுங்கள்.

கொலை என்று எழுதுகிறீர்களே. திருகைத்தான் மூடினேன், மறுபடி திறந்தும்விட்டேன். உங்களுக்குப் புரியாது. நான் கிளம்புகிறேன். மூன்றாம் வார்டில் சேறு காய்ந்துவிட்டால் துடைப்பது கஷ்டம்.