இரண்டாம் மதிப்பீட்டாளர்: ஆய்விதழ் அலுவலகச் செயலர் அம்மையாருக்குப் பணிநிறைவு மடல்

முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் ஆய்விதழின் வாயிலில் நின்று, வந்த கட்டுரைகளையெல்லாம் வரவேற்று, வரத் தகாதவற்றை வணக்கத்தோடு திருப்பியனுப்பிய வாயிற்காவலரே! பேராசிரியர் என்றும் பிறர் என்றும் பாராமல் எல்லாருக்கும் ஒரே முழக்கோலை எடுத்த நடுவுநிலை நாயகியே! நினைவூட்டல் கடிதம் வரைவதில் நிகரில்லாதவரே! இன்று பணிநிறைவு காணும் எங்கள் அலுவலகச் செயலர் அம்மையீர், வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு மெய்ப்புத் திருத்துநனாகிய என் தலையில் விழுந்தது. அடைமொழியைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. அதே அடைமொழியைக் கண்டால் தங்கள் சிவப்புப் பேனாவுக்கும் கை நிற்காது. மேலே உள்ள மூன்றை மட்டும் இன்றைக்கு அடிக்காமல் விட்டுவிடுமாறு அலுவலகத்தார் சார்பில் வேண்டிக்கொள்கிறேன்.

அழைப்பிதழ் கொடுக்க இல்லத்துக்கு வந்தபோது தங்கள் மகள் சொன்னார்: "அம்மா எப்பப் பார்த்தாலும் பேப்பர் அனுப்பணும், பேப்பர் வரலன்னுதான் பேசுவாங்க. சின்ன வயசுல அவங்க தபால் ஆபீஸ்ல இருக்காங்கன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்." குடும்பத்தார் முன்வரிசையில் இருப்பதால், தாங்கள் எந்தத் தபாலை எப்படிப் பிரித்தீர்கள் என்பதை இங்கே சொல்லிவிடுவது எங்கள் கடமை.

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையை நமக்கு அனுப்புகிறார். அதை அப்படியே அச்சேற்றினால் அது செய்தி. அதே துறை அறிந்த இருவர் படித்துக் குறை சொல்லி, குறை தீர்ந்தபின் அச்சேறினால்தான் அது ஆய்வு. அந்த இருவருக்கும் எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது. எழுதியவருக்கும் அந்த இருவர் யாரென்று தெரியக்கூடாது. தெரிந்தால் அச்சம் வரும், தயவு வரும், பழைய பகை வரும். ஆகவே மாடிப்படி ஏறியதும் இடப்பக்கம் இருக்கும் அந்தச் சிறிய அறையில், காகிதம் பறக்காதபடி மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் பெயரை நீக்கினீர்கள். ஊரை நீக்கினீர்கள். "என் மனைவிக்கு நன்றி" என்று அடிக்குறிப்பில் ஒருவர் எழுதியிருந்தால் அதையும் நீக்கினீர்கள். கட்டுரை அச்சானபோது மறக்காமல் அந்த மனைவியைத் திரும்பச் சேர்த்தவரும் தாங்களே.

அப்படிப் படித்துக் குறை சொல்லும் மதிப்பீட்டாளர்களோ நன்றிக் கடிதம் ஒன்றைத் தவிர வேறெதுவும் பெறாதவர்கள். மூன்று வாரம் என்று வாங்கிப்போய் முப்பது வாரம் வைத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. ஒருவர் வீட்டுக்கு வெள்ளையடிப்பதாக மூன்று முறை காரணம் எழுதினார். "ஐயா, இதற்குள் மாளிகையே எழும்பியிருக்கும். அறிக்கைக்கும் ஒரு பூச்சு பூசி அனுப்புங்கள்" என்று தாங்கள் எழுதிய மறுநாளே அறிக்கை வந்தது. வலிக்காமல் கொட்டும் அந்தக் கலையை எங்களுக்குச் சொல்லித்தராமலே போகிறீர்கள்.

இனி நல்லவை மட்டுமே சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால், "குறை எழுதாத அறிக்கை படிக்காதவன் எழுதிய அறிக்கை" என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தவர் தாங்கள். எனவே பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றையும் இம்மடலில் எழுதுகிறேன்.

குடிநீர்க் கிணறுகளில் கலந்த நச்சு உலோகத்தை ஒருவகை மணலால் வடிகட்டலாம் என்று புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை வந்தது. முதல் மதிப்பீட்டாளர் ஒரு பக்கத்தில் பாராட்டி முடித்தார். இரண்டாம் மதிப்பீட்டாளர், வயதில் மிக இளையவர், ஒன்பது பக்கம் எழுதினார். நீர் மாதிரி எல்லாம் கோடையில் எடுத்தவை. மழையில் ஊறினால் இந்த மணல் பிடித்துவைத்த நஞ்சைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடும் என்பது அவர் வாதம். கட்டுரை நிராகரிக்கப்பட்டது. அவருடைய அறிக்கையில் பெயரில்லாதபடி தாங்கள் வழக்கம்போல் சரிபார்த்தீர்கள். ஆனால் அவர் கட்டுரையின் ஓரத்திலும் கணினியில் குறிப்புகள் எழுதியிருந்தார். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் அவர் பெயரைக் கணினி தானாகவே பொறித்திருந்தது. அதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டீர்கள்.

இரண்டு நாளில் பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "உங்க மதிப்பீட்டாளர் எங்க பக்கத்து ரூம்லதான் உட்கார்ந்திருக்கார். முன்னாடியே சொல்லியிருந்தா நானே போய்க் கேட்டுட்டு வந்திருப்பேனே" என்றார். இளையவர் மூன்று மாதம் முன்புதான் அந்தத் துறையில் தற்காலிகப் பணியில் சேர்ந்திருந்தார். நம் பட்டியலில் இருந்தது பழைய முகவரி. பெயர் நீக்கிய கட்டுரையை அவர் யாருடையது என்று அறியாமலே படித்தார்.

மறுவாரம் பேராசிரியர், விதி மீறப்பட்டதால் அந்த அறிக்கை செல்லாது, வேறு இருவருக்கு அனுப்ப வேண்டும் என்றார். அந்த இருவரின் பெயரையும் அவரே எழுதியனுப்பினார். அப்போதைய தலைமை ஆசிரியர் நல்லவர், ஆனால் வம்பு என்றால் காத தூரம் ஓடுபவர். "விட்டுடுங்கம்மா, இன்னொரு தடவை அனுப்பிட்டாப் போச்சு" என்றார். தாங்கள் பணிவிலகல் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னதை அடுத்த அறையில் இருந்த நான் என் காதால் கேட்டேன். "பேர் வெளிய போனது என் தப்பு சார். அதுக்கு என்னை அனுப்புங்க. அவர் எழுதினதுல என்ன தப்பு இருக்கு? அதை எதுக்கு அனுப்பணும்?"

கடிதம் கிழிக்கப்பட்டது, அறிக்கை நிலைத்தது. யாரும் முன்மொழியாத மூன்றாம் மதிப்பீட்டாளர் ஒருவரும் மழைக்கால மாதிரி வேண்டும் என்றே எழுதினார். பேராசிரியர் முணுமுணுத்தபடியே மழையில் போய் நீர் எடுத்தார், மணலை மாற்றினார். இரண்டாண்டு கழித்து அந்தக் கட்டுரை நம் இதழிலேயே வந்தது. இன்று அந்த வடிகட்டியில் எத்தனையோ குடும்பங்கள் தண்ணீர் பிடிக்கின்றன. கட்டுரை பிழைத்தது, கிணறும் பிழைத்தது, இளையவரின் தற்காலிக வேலை மட்டும் அந்த ஆண்டு இறுதியிலேயே போய்விட்டது.

தாங்கள் பேருந்து ஏறி அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டீர்கள். "நீங்க பண்ணினது தப்புதான். நான் எழுதினது சரிதான். அது போதும்" என்று அவர் சொன்னதாகத் திரும்பி வந்து எங்களிடம் சொன்னீர்கள். அடுத்த இதழின் முதல் பக்கத்தில், பிழை அலுவலகச் செயலருடையது என்று தாங்களே எழுதி அச்சிட்டீர்கள். அன்று முதல் வரும் ஒவ்வோர் அறிக்கையையும், ஓரக்குறிப்பு உட்பட, வரிவரியாகத் தாங்களே மறுபடி தட்டச்சு செய்தீர்கள். கண் மருத்துவர் வேண்டாம் என்றபோதும் நிறுத்தவில்லை. எங்களுக்கு அது பார்க்கப் பொறுக்காது.

இன்னொன்றையும் நாங்கள் கண்டும் காணாததுபோல் இருந்தோம். ஆண்டுதோறும் எல்லா மதிப்பீட்டாளர்களுக்கும், இவ்வாண்டும் கட்டுரை மதிப்பிட இயலுமா என்று கேட்டுக் கடிதம் போகும். மூன்றாண்டு பதில் வராதவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது தாங்கள் எழுதிய விதி. அந்த இளையவரிடமிருந்து பதின்மூன்று ஆண்டு பதில் வரவில்லை. இப்போதைய தலைமை ஆசிரியர் ஒருமுறை பட்டியலைப் புரட்டிவிட்டு, "விதி எழுதினதே நீங்கதானேம்மா?" என்று கேட்டார். "நான்தான் எழுதினேன். அந்தப் பேர் மட்டும் இருக்கட்டும்" என்றீர்கள். முப்பத்திரண்டு ஆண்டில் தாங்கள் தெரிந்தே மீறிய விதி அது ஒன்றுதான். அவர் தங்களை மன்னித்தாரா என்று தெரியாமலே இந்த அறையைவிட்டுப் போகிறோமே என்பது தங்கள் மனத்தில் இருந்ததை நாங்கள் அறிவோம்.

அவர் கதையை அவர் சம்மதமின்றிச் சபையில் வாசிக்கக் கூடாது. எனவே மேற்கண்ட பகுதியை அவருக்கே அனுப்பிப் பார்வையிடக் கேட்டேன். அவர் இப்போது ஒரு நகரின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறார். ஆறாம் நாள் அறிக்கை வந்தது. பெயர் சொல்லாமல் வாசிக்க அனுமதித்து, மூன்று குறிப்புகள் எழுதியிருக்கிறார். அவற்றை அவர் எழுதியபடியே தருகிறேன்.

"ஒன்று: அவர் மன்னிப்புக் கேட்டதோடு நிற்கவில்லை. என் பெட்டிகளைக் கட்டவும் உதவினார். இது விடுபட்டிருக்கிறது, சேர்க்கவும்.

இரண்டு: முதல் இரண்டு ஆண்டு பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். அதன்பின் கோபமில்லை, கூச்சம்தான். இத்தனை நாள் கழித்து என்னவென்று எழுதுவது என்று தள்ளிப்போட்டேன். கடிதம் வராத ஆண்டு ஒன்று வந்துவிடுமோ என்று ஒவ்வோர் ஆண்டும் பயந்தேன். எல்லாக் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன.

மூன்று: இவ்வாண்டுக் கடிதத்துக்கு என் பதில்: இயலும். கட்டுரையை அனுப்புங்கள்."

அம்மையீர், தங்கள் கண்ணுக்கு ஓய்வும், கால்களுக்கு நல்ல நடையும், பேரக்குழந்தைகளை மடியில் வைத்துப் படிக்கப் பிழை மலிந்த கதைப் புத்தகங்களும் வாய்க்க வேண்டும். நூறாண்டு நலத்தோடு வாழ்ந்து, அவ்வப்போது எங்கள் இதழில் குற்றம் கண்டு கடிதம் எழுத வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. அவர் மதிப்பிட வேண்டிய கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. எதுவென்று இங்கே சொல்ல மாட்டோம். சொன்னால் தாங்கள் இம்மடலையே திருப்பிவிடுவீர்கள். பெயர்களை நீக்கி, ஓரங்களை இருமுறை பார்த்து, தங்கள் மேசைக் கணினியில் திறந்து வைத்திருக்கிறோம். எங்களில் எவரும் அதை அனுப்பவில்லை. விழா முடிந்ததும் ஒரு நடை மாடிக்கு வந்து, தங்கள் கையால் அவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள்.

என்றும் தங்கள் சிவப்புப் பேனாவுக்கு அடங்கிய,
ஆய்விதழ் அலுவலகத்தார்